வலப்பக்கத்துப் பிளவு

மாலை ஆறே கால் மணி. பனியாறு முடிகிற இடத்திலிருந்து எங்கள் கூடாரங்கள் வரைக்கும் வெறும் கல்லும் சேறும்தான் வழி. மூன்று மணி நேர நடை. ஆடு கிடையாது. ஆள் கிடையாது. குரல் கொடுத்தால் திரும்பி வருவதும் நம் குரல்தான்.

அந்த வழியில் எசென்பெக் தனியாக வந்துகொண்டிருந்தான்.

காலையில் இரண்டு பேராகப் போனவன்...

இவ்வளவுதான் சொன்னேன், மெலிஸ் குறுக்கே விழுந்தான். “துர்சுன் அண்ணே, இது வேணாமே. அவரு என் பெரியப்பா மகன். நானே இதைப் பத்தி வாயைத் திறந்ததில்ல.”

“நீ திறக்க மாட்டே. அதான் நான் சொல்றேன்.”

லாரியின் பின்பெட்டிக்குள் நாங்கள் நான்கு பேர். ஆற்றில் வெள்ளம். விடியற்காலையில் குளிர் இறுகித் தண்ணீர் வற்றினால்தான் அக்கரை போக முடியும். நடுவில் ஸ்டவ். வெளியே இருட்டில், தண்ணீருக்கு அடியில் கற்கள் உருள்கிற சத்தம். சமையல்காரி ஜில்திஸ் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு, “பயமுறுத்தணும்னா உங்க லாரி பிரேக்கைப் பத்திச் சொல்லுங்கண்ணே, அதுவே போதும்” என்றாள். சுமை தூக்குகிற ஓமுர்பெக் சிரித்தான்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய செப்டம்பர் அது. கொக்ஷால் மலைக்குள் அப்போது வேட்டைக்காரர்களையும் எல்லைக் காவல்காரர்களையும் தவிர யாரும் போவதில்லை. வரைபடத்தில் சிகரங்களுக்குப் பெயர் கிடையாது, உயரம் மட்டும் எழுதியிருக்கும். அப்படி ஓர் எண்ணின்மேல் ஏறுவதற்கு வெளிநாட்டுக்காரர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். லாரி என்னுடையது. கீழ்முகாமிலிருந்து மேல்முகாமுக்குச் சுமை தூக்க இரண்டு பேர். ஒருவன் எசென்பெக். இன்னொருவன் சாத்கின், எசென்பெக்கின் தங்கை புருலைக் கட்டியவன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. புருல் அப்போது நாலு மாசம்.

சாத்கினுக்கு வாய் ஓயாது. கன்னத்துக்குள் எப்போதும் ஒரு காய்ந்த தயிர் உருண்டை, குருத், அடக்கி வைத்திருப்பான். அதைச் சப்பிக்கொண்டே பேசுவான். பக்கத்தில் வந்தால் புளிப்பு வாடை அடிக்கும். “மேட்டுல ஏறும்போது எல்லாரும் மூச்சு வாங்குதுன்னு பேச்சை நிறுத்துவாங்க. இவன் பேச்சுக்கு இடைஞ்சலா இருக்குன்னு மூச்சை நிறுத்துவான்” என்பான் எசென்பெக். மச்சான்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். பெண் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசியதும் அவன்தான்.

சரி... ஆறே காலுக்கு வருவோம்.

எசென்பெக் வந்தான். பனி பிடித்துக் கொட்ட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இமையெல்லாம் வெள்ளை. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான்.

“சாத்கின் எங்கடா?” என்றேன்.

“பிளவுல விழுந்துட்டான்.”

வெளிநாட்டுக் குழுத்தலைவர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். உயிரோடு இருக்கிறானா என்று ருஷ்யனில் கேட்டார். எசென்பெக் அவர் காலைப் பார்த்தான். பிறகு கூடாரத்துக்குப் பின்னால் மலை இருக்கிற பக்கம் பார்த்தான். அங்கே மலையே தெரியவில்லை.

“இல்ல” என்றான்.

ஒரே வார்த்தை.

உண்மையில் நடந்தது வேறு. எசென்பெக் அதை எங்களிடம் எப்போது சொன்னான் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது நடந்ததைக் கேளுங்கள்.

அன்றைக்குப் பனியாற்றின்மேல் இருவரும் ஒரு கயிற்றில் கட்டிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். “தரை மாதிரி சமமாத்தானே கிடக்கு, கட்டி அவிழ்த்து நேரம் போகும்” என்று சொன்னது எசென்பெக். கயிறு சாத்கினின் பையில் போயிற்று. சாத்கின் முன்னால் நடந்தான். பேசிக்கொண்டே நடந்தான். பாதிச் சொல்லில் பேச்சு நின்றது. எசென்பெக் தலை நிமிர்ந்தபோது முன்னால் ஆள் இல்லை, பனியில் ஒரு ஓட்டை. வாசல் அகலம்.

படுத்து ஊர்ந்து போய் எட்டிப் பார்த்தான். நீலமாக இறங்கி, கீழே கறுப்பாகப் போயிற்று. கறுப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அண்ணே... கால் போச்சு போல. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன். புருல் கிட்ட சொல்லிடாதீங்க, தோலை உரிச்சிடுவா.”

கயிறு கீழே, சாத்கினோடு. எசென்பெக் கையில் ஒன்றுமில்லை. “ஆளைக் கூட்டிட்டு வரேன்” என்று கத்தினான். எழுந்தான். பத்தடி போயிருப்பான். பின்னாலிருந்து குரல்.

“அண்ணே... போயிட்டீங்களா?”

அவன் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தனக்கே தெரியாது என்றான். நின்று ஒரு வார்த்தை சொன்னால் காலை நகர்த்த முடியாது என்று தோன்றியதாம். நடந்தான். பனி ஆரம்பித்தது. காற்றில் இரண்டு தரம் விழுந்தான். அந்த மூன்று மணி நேரத்தில் அவனுக்குள் இருந்த தைரியமெல்லாம் வடிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால் இப்போதே திரும்பிப் போய் இடத்தைக் காட்டச் சொல்வார்கள்... அந்தப் புயலுக்குள்.

அதனால்தான் அந்த ஒரு வார்த்தை.

இதோடு நின்றிருந்தால்கூட அல்லாஹ் மன்னித்திருப்பான் என்று எனக்குத் தோன்றும். மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. உடலையாவது எடுப்போம் என்று எல்லோரும் கிளம்பினோம். நானும் போனேன். எசென்பெக் முன்னால் போய் வழி காட்டினான். ஒரு பிளவின் ஓரத்தில் நின்று, “இங்கதான்” என்றான்.

அது அந்தப் பிளவு இல்லை.

சாத்கின் இன்னும் உயிரோடு இருந்துவிட்டால் என்ன செய்வது? மேலே வந்து, நான் பேசினேன், இவன் கேட்டான், இவன் போய்விட்டான் என்று புருல் முன்னால் சொல்லிவிட்டால்? அந்தப் பயம். விழுந்த இடத்திலிருந்து நானூறு அடி தள்ளி, எங்களை வேறொரு ஓட்டைக்குக் கூட்டிப் போனான். ஒருவர் கயிற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று ஏறினார். நாங்கள் கையை ஏந்தி துஆ ஓதினோம். அந்தக் காலி ஓட்டைக்கு.

ஓதிக்கொண்டிருக்கும்போது வலப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். தகரக் குவளையைக் கல்லில் தட்டுகிற மாதிரி. டொக்... டொக்... கொஞ்சம் நிற்கும்... டொக்.

எனக்குக் கேட்டது. பனிக்கட்டி வெயிலில் விரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எசென்பெக்கைப் பார்த்தேன். ஓதி முடிவதற்குள்ளேயே ஏந்திய கைகளால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். மச்சான் போன துக்கம் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். குளிர் ஏறுகிறது, கிளம்பலாம் என்று முதலில் சொன்னது யார் தெரியுமா?

நான்தான்.

ஊர் திரும்பினோம். புருலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கை வீட்டுக்குப் புல் அறுப்பது, நிலக்கரி இறக்குவது, கூரை செப்பனிடுவது எல்லாம் எசென்பெக். எங்கள் அத்-பாஷியில் இருக்கிற தாய்மார்கள் தங்கள் மகன்களிடம், அண்ணன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று அவனைக் காட்டுவார்கள். அவர்கள் அப்படிச் சொல்கிற தெருவில் அவன் நடக்க மாட்டான். சுற்றிக்கொண்டு போவான். மலைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து ஹலினா வந்தாள். போலந்துக்காரி. நாற்பது வயசு இருக்கும், பாதி வாழ்க்கையைக் கயிற்றில் தொங்கியே கழித்தவள். பழைய குழு ஏறாமல் விட்ட அதே சிகரம் வேண்டும் என்றாள். அந்தப் பனியாறு தெரிந்த ஆள் எசென்பெக் ஒருவன்தான். அவன் முடியாது என்றான். புருல்தான் அவனைத் தள்ளினாள்.

“போயிட்டு வாண்ணே. அவருக்குன்னு ஒரு கபர்கூட இல்ல, புதைச்ச இடம்னு ஒண்ணு இல்ல. அந்த இடத்துல நின்னு ஓதிட்டு வா. என் பேரைச் சொல்லி ஓது.”

எப்படி மறுப்பான்? போனான்.

நான் லாரியோடு கீழ்முகாமில் இருந்தேன். அவர்கள் இருவர் மட்டும் மேலே. நல்ல வெயில், நடுப்பகல். பனியில் கண் கூசுகிற நேரம். இந்தத் தடவை எசென்பெக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நடந்தான். பழைய இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் புளிப்பு வாடை அடித்தது. குருத் வாடை. அந்த உயரத்தில் எதற்கும் வாடை கிடையாது. வியர்வைகூட நாறாது.

ஹலினா நின்றாள். “யாரோ பேசறாங்க” என்றாள் அரைகுறை ருஷ்யனில்.

“காத்து.”

“காத்து ஒரே சொல்லை ரெண்டு தடவை சொல்லாது.” காலடியில் இருந்த பிளவின் பக்கம் குனிந்து காது கொடுத்தாள். பிறகு, சின்னக் குழந்தை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, அர்த்தம் தெரியாமல் நம் பாஷையில் சொன்னாள். “அன்னே... போய்த்தீங்கலா... இப்படி வருது. என்ன அர்த்தம்?”

எசென்பெக் பிளவைப் பார்க்காமல் இடுப்புக் கயிற்றின் முடிச்சை இறுக்கினான்.

“பார்த்துப் போங்கன்னு அர்த்தம்” என்றான்.

அவள் சிரித்தாள். “உங்க மலை ரொம்ப நல்ல மலை” என்றாள். சொல்லிவிட்டு... அவன் தடுப்பதற்குள்... பிளவுக்குள் வாயை வைத்து, மரியாதைக்குப் பதில் மரியாதை செய்கிற மாதிரி, உரக்கக் கூப்பிட்டாள்.

“அன்னே! போய்த்தீங்கலா!”

அவள் குரலே எதிரொலித்து அடங்கியது.

பிறகு கீழேயிருந்து தெளிவாக வந்தது.

“இல்ல. இங்கதான் இருக்கேன்.”

ஹலினா முகத்தில் சிரிப்பு போயிற்று. “இப்ப வேற ஏதோ சொல்றாங்க. உள்ளே ஆள் இருக்காங்க. கயிறு!” என்றாள்.

அவளிடம் இன்னொரு கயிறு இருந்தது. மஞ்சள், நடுவில் கறுப்பு இழை ஓடும். பையிலிருந்து அதை எடுத்து, பனியில் முளை அறைந்து அதில் மாட்டி, நுனியைக் கீழே விட்டாள். இருபது மீட்டர்... முப்பது... கயிறு தளர்ந்து கிடந்தது. அப்புறம் இறுகியது. மூன்று தரம் வெடுக் வெடுக்கென்று கீழேயிருந்து இழுத்தது. இழுங்கள் என்று எங்கள் சுமைக்காரர்கள் காட்டுகிற அடையாளம் அது. ஹலினாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இருவரும் இழுத்தார்கள். ஓர் ஆள் கனம். கை எரிய எரிய இழுத்தார்கள். கனம் வந்துகொண்டேயிருந்தது. ஹலினா பின்னால் சரிவில் காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் நின்றது எசென்பெக். புளிப்பு வாடை மூக்கைத் துளைத்தது. பனி விளிம்புக்கு ஒரு கை கீழே, அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், மூச்சிரைக்கிற குரல் மெல்லக் கேட்டது.

“புருல்கிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேண்ணே...”

எசென்பெக் கத்தியை எடுத்தான். அறுத்தான்.

கனம் போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தும் கேட்கவில்லையாம்.

“விளிம்புல உரசி அறுந்துடுச்சு” என்றான் ஹலினாவிடம்.

அவள் மேலே கிடந்த துண்டின் நுனியை எடுத்துப் பார்த்தாள். சுருட்டிப் பையில் போட்டாள். சிகரம் வேண்டாம் என்று அன்றைக்கே இறங்கிவிட்டாள்.

திரும்பும்போது அவள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாள். எசென்பெக் பின்பெட்டியில், இதோ இதே இடத்தில். பாதி வழியில் கேட்டாள். “பார்த்துப் போங்கன்னு உங்க பாஷையில எப்படிச் சொல்வீங்க?”

சொன்னேன்.

“அப்ப இது என்ன?” என்று கேட்டு, அந்தக் கொழகொழ உச்சரிப்பில், தான் கேட்டதைச் சொன்னாள்.

என் கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவியது. லாரி பாதையை விட்டு இறங்கிக் கல்லில் ஏறி நின்றது. வலப்பக்கத்தில் கேட்ட அந்தத் தகரச் சத்தம் எனக்குள் மறுபடியும் கேட்டது. அர்த்தம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். லாரியைப் பின்னால் எடுத்துப் பாதையில் ஏற்றி, நாரின் ஊர்வரை ஓட்டினேன். எனக்குப் புரிந்துவிட்டது... எல்லாம் இல்லை, ஆனால் போதுமான அளவு. இறங்கிப் பின்பெட்டியைத் திறந்தேன். எசென்பெக் என்னைப் பார்த்தான். நான் கேட்பேன் என்று காத்திருந்தான்.

“டீ குடிக்கலாமா?” என்றுதான் கேட்டேன்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் இருவரும் எத்தனையோ தரம் டீ குடித்திருக்கிறோம்.

போன ஆகஸ்டில், பனியாறு முடிகிற இடத்தில் ஒரு வேட்டைக்காரன் சாத்கினைப் பார்த்தான். பனியாறு உள்ளே வாங்கியதை ஒரு நாள் வெளியே துப்பும், உங்களுக்குத் தெரியும். உடலை என் லாரியில்தான் கொண்டு வந்தோம். அதே முகம். இருபத்தாறு வயசு. புருலுக்கு நரை விழ ஆரம்பித்திருந்தது. அவள் புருஷன் அவளைவிடச் சின்னவனாக வந்து படுத்திருந்தான்.

குளிப்பாட்டுவதற்காகச் சட்டையை வெட்டினோம். நான், எசென்பெக், இன்னும் இரண்டு பெரியவர்கள். பையில் அவனுடைய சொந்தக் கயிறு சுருட்டியபடி அப்படியே இருந்தது. இடுப்பில் இன்னொரு கயிறு. மஞ்சள். நடுவில் கறுப்பு இழை. இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று, சுமைக்காரர்கள் போடுகிற முடிச்சு, பதறாமல் போட்ட முடிச்சு. அதன் மறுநுனி கத்தியால் அறுத்தது.

பெரியவர் ஒருவர் கயிற்றைத் தடவிப் பார்த்தார். “இது புதுசால்ல இருக்கு. செத்து ஒன்பது வருஷம் ஆனவன் இடுப்புல...” என்று இழுத்தார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தோம். அவிழவில்லை. அறுக்கலாமா என்று அவர் எசென்பெக்கைக் கேட்டார்.

அந்தக் கேள்விதான் அவனை உடைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். கட்டாத கயிறு, ஒற்றை வார்த்தை, மாற்றிக் காட்டிய பிளவு, கத்தி. குரலைத் தாழ்த்தவில்லை. கம்பளித் திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியில் புருலின் குரலும் நின்றது.

திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அண்ணனைப் பார்த்தாள். புருஷன் இடுப்பில் இருந்த கயிற்றைப் பார்த்தாள்.

“கபர்ல நீ இறங்கு” என்றாள். “உன் கையால அவரைப் படுக்க வை. அதுக்கப்புறம் என் வாசல்ல நீ கால் வைக்கக் கூடாது.”

அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

நடுப்பகலில் அடக்கம். ஆள் உயரத்துக்குக் குழி, அடியில் பக்கவாட்டில் குடைந்த அறை. எசென்பெக் இறங்கினான். கஃபன் துணி சுற்றிய உடலை மேலிருந்து இறக்கினோம். அவன் வாங்கி, குடைவுக்குள் நுழைந்து, இழுத்துக்கொண்டான். அவன் கால் மறைந்தது. இரண்டு நிமிஷ வேலை. முகத்தைத் தொழுகைத் திசையான கிப்லாவுக்குத் திருப்பிவிட்டு வெளியே வர வேண்டியதுதான்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று.

மேலே பதினொரு பேர் நின்றோம். இமாம் ஓதிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பேச்சு கேட்டது. முதலில் எசென்பெக் தனியாக அழுகிறான் என்றுதான் நினைத்தேன். பேச்சு நடுவில் நிற்கும். இன்னொன்று ஆரம்பிக்கும். ஒரு குரல் தாழ்ந்து, விட்டு விட்டு வந்தது. மற்றது வேகமாக, மூச்சு விடாமல் பேசியது. இமாமின் உதடு அசைவது நின்றது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பேச்சு நின்றது. எசென்பெக் வெளியே வந்தான். குடைவின் வாயைக் கல்லால் தானே அடைத்தான். அவசர அவசரமாக அடைத்தான். கை கொடுத்துத் தூக்கினேன். அவன் விரல்கள் ஐஸாக இருந்தன.

“மண்ணைத் தள்ளுங்க” என்றான். “சீக்கிரம்.”

யார் பேசியது என்று நான் கேட்கவில்லை. “என்ன கேட்டான்?” என்றேன்.

“மேல பனி நின்னுடுச்சா, வரட்டுமான்னு கேட்டான்.”

“நீ என்ன சொன்னே?”

“இன்னும் நிக்கலன்னு சொன்னேன்.”

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. வெயில் பிடரியைச் சுட்டது. நாங்கள் பதினொரு பேரும் மண்வெட்டிகளை எடுத்தோம்.